கதிர்வீச்சோடு எபிஜெனெடிக் மருந்து: அரசே ஆய்வு நடத்தக் கோரி மனு

அனுப்புநர்: கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பப் பணியாளர்

பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள், சுகாதாரத் துறை

பொருள்: மூளைப் புற்றுக்குக் கதிர்வீச்சுடன் வால்ப்ரோயிக் அமிலம் சேர்த்துக் கொடுப்பதை அரசு நிதியில் சோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா/அம்மா,

வணக்கம். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்று வந்த நோயாளிக்கு வழக்கமாக 6 வாரத்தில் 30 முறை, மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுக்கிறோம். தலை அசையாதிருக்க வலைபோன்ற முகமூடியைப் போட்டு மேசையோடு பூட்டுவோம். கழற்றும்போது நெற்றியிலும் கன்னத்திலும் கட்டம் கட்டமாகத் தடம் பதிந்திருக்கும். அப்படி வெளியே வந்த கணவரின் முகத்தைத் தடவிக்கொண்டே ஓர் அம்மா கேட்டார்: "இன்னும் ரெண்டு கரண்ட் சேர்த்து வெச்சா என்ன தம்பி?" முடியாது, கட்டியைச் சுற்றியுள்ள நல்ல மூளை தாங்காது.

சரி, அளவைக் கூட்ட முடியாது. அதே அளவுக்குக் கட்டியை இன்னும் பணிய வைக்கலாமா? கதிர்வீச்சு, கட்டிச் செல்லின் டிஎன்ஏ இழையை அறுக்கிறது. அந்த இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் நூல்கண்டுபோலச் சுற்றிக் கிடக்கிறது. டிஎன்ஏவின் எழுத்தை மாற்றாமல் மரபணுக்களின் இயக்கத்தை மட்டும் மாற்றுபவை எபிஜெனெடிக் மருந்துகள். அவற்றில் ஒரு வகையான, எச்டிஏசி என்ற நொதிகளைத் தடுக்கும் எச்டிஏசி தடுப்பான்கள் அந்தச் சுற்றைத் தளர்த்துகின்றன. கதிர் அறுத்த இழையைச் செல் ஒட்டவைக்கப் பயன்படுத்தும் ஆர்ஏடி51 போன்ற புரதங்களையும் குறைக்கின்றன. இவற்றில் ஒன்றான வோரினோஸ்டாட்டை இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சுடன் கொடுத்துப் பார்த்த நார்வே மருத்துவர்கள், நாளுக்கு 300 மி.கி. வரை தாங்குகிறது என்று 2010இல் வெளியிட்டார்கள்.

வலிப்புக்குக் காலங்காலமாகக் கொடுக்கும் வால்ப்ரோயிக் அமிலமும் இந்த வகைதான் என்பது 2001இல் தெரியவந்தது. கிளியோபிளாஸ்டோமாவுக்குக் கதிர்வீச்சுடன் இதைச் சேர்த்துக் கொடுத்து 37 பேரிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளியாகி நம்பிக்கை தந்தது. அடுத்த ஆண்டே, 1,800க்கும் மேற்பட்டவர்களின் பழைய தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை. இதை மறைத்துவிட்டு மனு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்களில் யாருக்கும் இந்த மருந்து கதிர்வீச்சுக்குத் துணையாகக் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படவில்லை. மருந்து எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் பின்னாளில் ஒப்பிட்டார்கள், அவ்வளவுதான். ஆகவே கேள்வி அப்படியே நிற்கிறது. காப்புரிமை முடிந்த மாத்திரைக்காகப் பெரிய ஆய்வு நடத்துவதில் கம்பெனிகளுக்கு லாபம் இல்லை. அரசுதான் முன்வர வேண்டும்.

எனவே, பல மருத்துவமனைகள் சேர்ந்து குலுக்கல் முறையில் ஆய்வு நடத்த நிதி ஒதுக்குமாறு வேண்டுகிறேன். இந்த மருந்து தட்டணுக்களைக் குறைக்கும், கல்லீரலைப் பாதிக்கும், கருவிலுள்ள குழந்தைக்கும் ஆபத்து. அதனால் ரத்தப் பரிசோதனைகள் இலவசமாக, தவறாமல் நடக்க வேண்டும். ஒப்புதல் படிவம் நோயாளியின் தாய்மொழியில் இருக்கட்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வர அவகாசமும் கொடுங்கள். பலன் இல்லையென்றாலும் முடிவை வெளியிட உத்தரவிட வேண்டும். அப்புறம், முடிவு வரும்வரை இதை உறுதியான சிகிச்சை என்று சொல்லி யாரும் விற்காதபடி தடுக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பப் பணியாளர்