பாசறைக்கு எந்தச் சட்டியை அனுப்புவது?

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். ஓகஸ்ட் விடுமுறையில் நிலாவெளிப் பக்கம் நடக்கவிருக்கும் சாரணர் பாசறைக்கான அனுமதிக் கடிதங்கள் வந்து சேர்ந்துவிட்டன. கூடவே வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சமையல் பாத்திரம் பற்றியவை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாசறைச் செட் வாங்க வேண்டுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவை மலையேறுகிற ஒருவர் இருவருக்கு ஏற்றவை. மெல்லிய தகட்டில் செய்த அந்தக் குட்டிச் சட்டிகளில் எட்டுப் பிள்ளைகளுக்குச் சோறாக்க முடியாது. உங்கள் குசினியில் மேல்தட்டில் கிடக்கிற பழைய சட்டியே போதும். எந்தச் சட்டி என்பதில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும்.

ஒரு அணிக்கு எட்டுப் பேர். ஒரு வேளைக்கு ஒரு கிலோ அரிசி போடுவோம். அது வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்காகும். கஞ்சி வடிக்கிற தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தால் 6 லீற்றர் கொள்ளும் பானை வேண்டும். சின்னப் பானையில் பொங்கி வழிந்தால் அடுப்பும் அணையும், பிள்ளைகளின் பொறுமையும் போய்விடும். பானையோடு கறிக்கு ஒரு சட்டி, பொரிக்க ஒரு தாச்சி, தேநீருக்கு ஒரு கேத்தல், இரண்டு அகப்பை. அணிக்கு இவ்வளவுதான். யார் எதைக் கொண்டுவருவது என்பதை அணித்தலைவர் பிரித்துச் சொல்லுவார். எல்லா வீட்டிலிருந்தும் பானை வந்தால் நாங்கள் கடைதான் போட வேண்டும்.

சோற்றுப் பானைக்கு அடி தடித்த அலுமினியம் நல்லது. சூடு எல்லாப் பக்கமும் சீக்கிரம் பரவும், தூக்கவும் பாரமில்லை. சில்வர் பானை பார்க்க அழகுதான், ஆனால் அடி மெல்லியதாக இருந்தால் நெருப்புப் படும் இடத்தில் மட்டும் சூடேறி அந்த வட்டத்தில் சோறு பிடித்துவிடும். புளி விட்ட குழம்புக்கு மட்டும் சில்வர் அல்லது மண்சட்டி. அலுமினியத்தில் புளிக்கறியை இரவு முழுக்க வைத்தால் உட்புறம் அரிக்கும், கறியிலும் ஒரு உலோக ருசி ஏறும்.

நான்ஸ்டிக் தாச்சி தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அந்தப் பூச்சு 260 பாகை செல்சியசுக்கு மேல் பழுதடையத் தொடங்கும். விறகு நெருப்பு அதைச் சாதாரணமாகத் தாண்டும். பிளாஸ்ரிக் பிடி உள்ள எதுவும் அப்படித்தான். முன்னர் ஒரு பாசறையில் அப்படி ஒரு தாச்சியின் பிடி உருகிச் சம்பலுக்குள் சொட்டியது. அந்தச் சம்பலை யாரும் தொடவில்லை. பிடி கம்பியாகவோ காதாகவோ இருக்கட்டும், பிடித்துத் தூக்க ஒரு தடித்த பழந்துணியும் வையுங்கள். அது பருத்தித் துணியாக இருக்க வேண்டும்.

கரி பிடிக்குமே என்று அம்மாமார் சிலர் யோசிப்பது தெரியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. அடுப்பில் ஏற்ற முன்னர், கட்டிச் சவர்க்காரத்தை நனைத்துப் பானையின் வெளிப்புறம் முழுக்க, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரைக்கும், வெள்ளைப் படலம் தெரியும்படி தேய்க்க வேண்டும். பிறகு எவ்வளவு புகைந்தாலும் கரி அந்தப் படலத்தின் மேல்தான் உட்காரும். சமைத்து ஆறியதும் தண்ணீர் விட்டு ஒரு தேங்காய்ப் பொச்சால் உரைத்தால் கரியும் சவர்க்காரமும் ஒன்றாகக் கழன்று வரும். இரவல் பாத்திரங்களுக்குப் பிள்ளைகள் இதைச் செய்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்கள். பாடசாலைப் பானைகளுக்கு நாங்கள் இதைச் செய்வதில்லை. கறுத்த அடி நெருப்பின் வெக்கையை நன்றாக வாங்கும், அது அப்படியே இருக்கட்டும்.

அடிப்பிடித்த பானையைக் கம்பித் தும்பால் சுரண்டக் கூடாது. அரைவாசி தண்ணீர் விட்டு, தணலில் கொஞ்ச நேரம் கொதிக்க வைத்து, அகப்பையால் மெல்லத் தள்ளினால் பிடித்தது கழரும். சூடான பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அடி வளைந்துவிடும். கடல் பக்கத்தில் இருக்கிறதே என்று கடல்தண்ணீரில் கழுவி அப்படியே வைப்பதும் ஆகாது. உப்பு அலுமினியத்தில் புள்ளி புள்ளியாகக் குழி போடும், இரும்புத் தாச்சியை ஒரே இரவில் துருவாக்கும். இரும்புத் தாச்சி அனுப்புகிறவர்கள் சின்னப் போத்தலில் தேங்காயெண்ணெயும் அனுப்புங்கள். கழுவி, தணலில் காட்டி ஈரம் போன பிறகு மெல்லியதாக ஒரு பூச்சு பூசினால் போதும்.

நெருப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு: அந்த நாட்களில் தென்மேற்கிலிருந்து கடலை நோக்கிக் கச்சான் காற்று வீசும். ஆகவே கூடாரங்கள் மேற்கே, அடுப்பு கடல் பக்கம்; பொறி பறந்தாலும் மணலுக்கும் கடலுக்கும்தான் போகும். மணலில் கல் புதையும் என்பதால் செங்கல் கொண்டுபோகிறோம். மழைக்கென்று வைத்திருக்கும் காஸ் அடுப்பு ஆசிரியர்களின் பொறுப்பில் இருக்கும், கூடாரத்துக்குள் அதை மூட்டுவதில்லை. வீட்டிலிருந்து காஸ் அடுப்போ மண்ணெண்ணெய் அடுப்போ வேண்டாம்.

மரக்கறி மட்டும் சமைக்கிற வீட்டுச் சட்டி என்றால் காதில் ஒரு செப்புக் கம்பி சுற்றி அனுப்புங்கள். அந்தச் சட்டியில் மீனோ கருவாடோ ஏறாது. ஹலால் விடயத்திலும் கவலை வேண்டாம்: இறைச்சி சமைப்பதில்லை, மீனும் முட்டையும் மட்டும்தான்.

பெயரைப் பேனையால் எழுதினால் முதல் நெருப்பிலேயே போய்விடும். பிடியின் உட்புறத்தில் ஆணியால் முதலெழுத்தைக் கீறிவிடுங்கள். கத்தி அனுப்பினால் மட்டைப்பெட்டித் துண்டில் சுற்றிக் கட்டி ஆசிரியர் கையில் கொடுக்க வேண்டும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பாசறை முடிந்து வரும் சட்டி கொஞ்சம் கறுப்பாக இருந்தால் நீங்கள் எடுத்துக் கழுவ வேண்டாம், பிள்ளையிடமே கொடுங்கள். பாத்திரங்களைப் பாசறைக்கு முந்திய நாள் பிற்பகல் இரண்டு மணிக்குள் சாரணர் அறையில் ஒப்படைக்கலாம். அறை நான்கு மணிக்குப் பூட்டப்படும்.

இப்படிக்கு,
அதிபர்
திருகோணமலை