கரிவரதனைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் கார்ப் பந்தயம் பற்றி வெளியான கட்டுரை, தமிழ்நாட்டின் பந்தய வரலாற்றை நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கியதிலிருந்தே தொடங்கியிருந்தது. மிச்செலின் டயர் பூட்டிய அணிகளெல்லாம் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் அவர் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்ற செய்தியைக் கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டியவன் நான். அவர் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் நரேன் தம் தொடக்க நாள்களில் ஓட்டியது மாருதி 800 எஞ்சின் பூட்டிய ஃபார்முலா மாருதி பந்தயக் கார் என்பதையும், அதை உருவாக்கியவர் கோயம்புத்தூர் பந்தய வீரர் கரிவரதன் என்பதையும் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

அவரை நான் நேரில் கண்ட 1992இல் எனக்கு இருபத்தாறு வயது. காவேரிப்பட்டணத்தில் சிறிய லேத் பட்டறை வைத்திருந்தேன் (அன்று எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது, கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான்). பந்தயங்கள் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த காலத்தில், சென்னையைக் கடந்து வடக்கே போக வேண்டும் என்பதாலேயே எங்களுக்கு அது எட்டாக் கனியாக இருந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தபின், கிருஷ்ணகிரியில் இரவு பேருந்து ஏறினால் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி விடியும் நேரத்தில் இறங்கிவிடலாம் என்றாயிற்று. வெல்டர், பெயின்டர், லாரி மெக்கானிக் என்று ஐந்து பேர் அப்படித்தான் அந்த ஆண்டு போனோம்.

பந்தயம் முடிந்ததும், கார்கள் நின்ற கொட்டகைப் பக்கம் எங்களை யாரும் தடுக்கவில்லை. கரிவரதன் பெரிய மில் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று கேள்விப்பட்டிருந்ததால், நெருங்கத் தயங்கிச் சற்றுத் தள்ளியே நின்றோம். அவரோ கிரீஸ் படிந்த கையோடு ஒரு காரின் பின்புறம் குனிந்திருந்தார். எங்கள் லாரி மெக்கானிக்தான் துணிந்து, மாருதி 800இல் முன்னால் இருக்கும் எஞ்சினை இதில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தது எப்படி என்று கேட்டார். கரிவரதன் நிமிர்ந்து எங்கள் கைகளைப் பார்த்தார். நாங்களும் பட்டறைக்காரர்கள் என்று அதிலேயே தெரிந்திருக்க வேண்டும். மூடியைத் தூக்கி, எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே தொகுதியாக இருப்பதால் அதை அப்படியே பின்னால் கொண்டுபோக முடிந்ததையும், முன்சக்கரங்களைச் சுழற்றிய அதே அமைப்பு இப்போது பின்சக்கரங்களைச் சுழற்றுவதையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். வெளிநாட்டிலிருந்து ஒரு பந்தயக் காரை இறக்குவது பெரும்பாலோருக்குக் கனவிலும் நடவாத காலத்தில், தெருவில் ஓடும் மூன்று சிலிண்டர் எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார் செய்தவர் அவர். ஐந்து நிமிடம் பேசியிருப்பாரா என்பதுகூட ஐயம்தான். கையெழுத்து வாங்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊர் திரும்பும் வழி முழுக்க வெல்டர் அந்தச் சட்டகத்தின் பற்றவைப்பைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டு வந்தார்.

என் அக்காள் மகன் 2011இல் கிரேட்டர் நொய்டா வரை சென்று ஃபார்முலா ஒன் பந்தயம் பார்த்தான். நரேனின் தலைக்கவசம் ஒரு கணம் மின்னி மறைந்ததைத் தவிர வேறொன்றும் காணவில்லை என்றான். டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகையை மட்டும் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான். இருந்தும், அங்கே இன்று பந்தயம் பார்க்கப் போகும் இளைஞர்கள் சிலரிடம் கேட்டபோது, ‘கரி’ என்பது ஏதோ நிறுவனத்தின் பெயர் என்றே எண்ணியிருந்தார்கள். அவர் வென்ற கோப்பைகளின் பட்டியல் எங்காவது கிடைத்துவிடும். அவரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்லக்கூடியது அப்படி ஏட்டில் கிடைப்பதில்லை. அன்று போன ஐவரில் இருவர் இப்போது இல்லை.

ஆகவே, சோழவரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் அவரை நேரில் கண்ட வாசகர்களின் நினைவுகளைக் கேட்டு வாங்கி, ஞாயிறு இணைப்பில் சில வாரங்கள் வெளியிட வேண்டுகிறேன். லாரி மெக்கானிக் நண்பர் ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். எழுத அவருக்குக் கண் ஒத்துழைப்பதில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் பட்டறைக்காரர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.