சன்னோசே துறைமுக வரலாற்று நூல்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஜப்பானின் செத்தோ உள்கடலில் ஷிமோகாமகாரி என்று ஒரு சின்னத் தீவு. இன்று குரே நகரத்தைச் சேர்ந்தது. அங்குள்ள சன்னோசே துறைமுகத்தின் வரலாற்றைத் தமிழில் நூலாகக் கொண்டுவர இருக்கிறோம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

எடோ காலத்தில் (1603–1868), அதாவது ஷோகன்கள் என்ற படைத்தலைவர்கள் எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) ஜப்பானை ஆண்டபோது, சன்னோசே, அரசு வேலையாகக் கடலில் போகிறவர்கள் தங்கும் துறை. எடோவுக்குப் போய்வந்த மேற்கு ஜப்பான் பிரபுக்கள் இங்கே இறங்கினார்கள். எல்லோரையும்விடப் பெரிய விருந்தாளிகள் கொரியத் தூதர்கள்தான். 1592இல் அன்று ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி தொடுத்த போர் கொரியாவைச் சீரழித்தது. ஏராளமானோர் சிறைபிடிக்கப்பட்டு ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1598இல் போர் ஓய்ந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை, 1607இல் முதல் தூதுக்குழு புறப்பட்டு வந்தது. சிறைப்பட்டவர்களை மீட்பதும் அதன் வேலை. 1811 வரை 12 குழுக்கள் வந்தன. கடைசிக் குழு மட்டும் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவிலுள்ள சுஷிமா தீவோடு திரும்பிவிட்டது.

ஒரு குழு என்றால் 300 முதல் 500 பேர். கூடவே சுஷிமா பிரபுவின் காவல் படை. இத்தனை பேருக்கும் இந்தச் சின்னத் தீவில் இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள். தூதர்களுக்கு முதலில் வரும் தட்டுகள் மரியாதைக்காக, பார்ப்பதற்கு மட்டும். அப்புறம்தான் சாப்பிடுவதற்கான விருந்து: மூன்று வகைச் சூப்பு, பதினைந்து வகைப் பதார்த்தம். வழியெல்லாம் பார்த்ததில் எங்கே உபசரிப்பு சிறந்தது என்று கேட்டபோது, காமகாரிதான் (இந்தத் தீவுதான்) முதலிடம் என்று சுஷிமா தரப்பில் பதில் சொன்னதாக இன்றும் அங்கே பெருமையாகச் சொல்கிறார்கள்.

துறையில் கடலுக்குள் இறங்கும் நீண்ட கற்படிகள் உண்டு. 1600இல் ஹிரோஷிமாவுக்குப் பிரபுவாக வந்த ஃபுகுஷிமா மசானோரி கட்டியவை. இந்தக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 3 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். தண்ணீர் எந்தப் படியில் நின்றாலும் படகை அணைத்து ஆளை இறக்கலாம். அந்தப் படிகளில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது.

இந்தத் தூதுப் பயணங்களின் ஆவணங்கள், இரு நாட்டு அமைப்புகளும் சேர்ந்து விண்ணப்பித்து, 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. போரிட்ட இரு நாடுகள் இருநூறு ஆண்டுகள் பேசிக்கொண்டே இருந்த கதை இது. அதில் ஷோகன்களின் பெயர்கள் எல்லா நூலிலும் வந்துவிடும். அடுப்பு மூட்டியவர்களையும் படகு இழுத்தவர்களையும் பற்றி எழுத வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

எழுத்து வேலையைக் குழுவினர் ஊதியமின்றிச் செய்கிறோம். பழைய ஜப்பானிய ஆவணங்களைப் படித்துச் சொல்பவருக்கான ஊதியம், படங்களுக்கான அனுமதிக் கட்டணம், வரைபடம், அச்சு ஆகியவற்றுக்குத்தான் பணம் தேவை. நூறு ரூபாயானாலும் பெரிய உதவி. குழு உறுப்பினர்களிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவுசெலவுக் கணக்கை நூலின் கடைசிப் பக்கத்திலேயே அச்சிடுவோம். மீதிப் பணம் இருந்தால், அந்த அளவுக்குக் கூடுதல் பிரதிகள் அச்சிட்டுப் பள்ளி நூலகங்களுக்கு இலவசமாகக் கொடுப்போம்.

நன்றியுடன்,
நூல் வெளியீட்டுக் குழுவினர்