ஊதாதீங்க சார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இதய பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சுப் பயிற்சிக்கு வைத்திருக்கிறேனே, மூன்று பந்து போட்ட அந்தக் கருவி (ஸ்பைரோமீட்டர்), அதைப் பற்றித்தான். நீ டொரான்டோ போனதிலிருந்து தினமும் "பந்து ஊதினீங்களாப்பா?" என்று கேட்கிறாய். "ஆச்சும்மா" என்கிறேன். பாதி நாள் அது பொய்.

காலை 7 முதல் இரவு 9 வரை மணிக்கொன்றாக 15 அலாரம் வைத்துவிட்டுப் போனாய். இரண்டு நாள் மரியாதையாகச் செய்தேன். அப்புறம் கட்டைவிரலுக்குப் பழகிவிட்டது. அது அடிக்கும், விரல் அணைக்கும், கண் பேப்பரைவிட்டு நகராது.

சோம்பல் மட்டும் காரணமில்லை. எவ்வளவு ஊதினாலும் அந்த மூன்று பந்தில் ஒன்றுகூட அசையவில்லை. பைபாஸ் செய்தும் நம் கதை இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடம் அதைச் சொல்லவும் கூச்சம்.

போன வாரம் லேசாகக் காய்ச்சல். எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் அடிப்பக்கம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. நெஞ்செலும்பு வலிக்கிறதென்று மேலோட்டமாகவே மூச்சு விட்டால் அடியிலுள்ள சின்னச் சின்னக் காற்றறைகள் மூடிக்கொள்ளுமாம், சளி தேங்குமாம். பிசியோதெரபி பெண் "செஞ்சு காட்டுங்க சார்" என்றாள். கன்னம் உப்ப ஊதினேன். "ஐயோ, ஊதாதீங்க சார், உள்ள இழுங்க! இளநீர்ல ஸ்ட்ரா போட்டு இழுப்பீங்கல்ல, அந்த மாதிரி, மெதுவா!"

டிஸ்சார்ஜ் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். அந்த அசதியில் எங்கே காதில் விழுந்தது? ஊர் முழுக்க 'பந்து ஊதறது' என்று பேர் வைத்துவிட்டு, இழுக்க வேண்டுமென்றால் யாருக்குத் தெரியும்? இழுத்தேன். 600 என்று எழுதியிருந்த பந்து துள்ளி மேலே போனது. அம்மா கைதட்டியே விட்டாள்.

நீ அனுப்பிய 2019 ஆய்வையும் இப்போதுதான் படித்தேன். பைபாஸ் ஆன 160 பேர். கருவியே மணியடித்து நினைவூட்டியவர்கள் நாளுக்குச் சராசரியாக 35 மூச்சு இழுத்தார்களாம், மணி அடிக்காத கருவி வைத்திருந்தவர்கள் 17. ஒரு அலாரத்துக்குப் பத்து மூச்சு என்ற கணக்கில் பார்த்தால் எனக்கு நாளுக்கு 150 வருகிறது. அங்கேயும் என்னைப் போல ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

இப்போது போன் சட்டைப்பையில் இல்லை. ஃபிரிட்ஜ் மேல், கருவிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அணைக்க வேண்டுமானால் எழுந்து போகணும், போனால் அது கண்ணில் படும். நேற்று 11 தடவை ஆயிற்று, இது நிஜக் கணக்கு. இரண்டாவது பந்து பாதி வரை ஏறுகிறது. இழுத்து முடித்ததும் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுகிறேன். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ரயில் ஹாரன் அடித்தால்கூட அம்மா தலையணையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

மதியம் 2 மணி அலாரத்தை மட்டும் எப்படி எடுப்பது என்று சொல். அம்மா அப்போதுதான் கண்ணயர்கிறாள். அதற்குப் பதில் இரண்டரைக்குச் செய்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா