மாடியிலிருந்து வரும் மார்வா

வின்னிபெக்,
டிசம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து இருபது நாளாகிறது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கு மேல் பேனா ஓடவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் பேசினால் அம்மா, செல்வி, பக்கத்து வீட்டு அத்தை என்று கைமாறி உங்களிடம் வரும்போது, "சரி, உனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறீர்கள்.

குளிர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். இன்று மைனஸ் 27. இங்கே ராத்திரி காரின் முன்பக்கம் தொங்கும் வயரைச் சுவர் பிளக்கில் செருகிவிட்டுத்தான் படுக்கிறார்கள், இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் எழாது. நாம் செல்போனுக்குச் செய்வதை இவர்கள் காருக்குச் செய்கிறார்கள்! என் காரை இப்போதைக்குக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸே வசதியாக இருக்கிறது. கம்பெனியிலும் இப்போது வாரம் நாலு நாள்தான் வேலை, நல்ல ஓய்வு. அம்மாவிடம் இதையெல்லாம் விளக்க வேண்டாம்.

மிரஜ் தாத்தாவைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். வீட்டுக்காரரின் அப்பா, மகாராஷ்டிராவில் மிரஜ் என்ற ஊர்க்காரர், என் ரசத்தை ருசி பார்த்துவிட்டு வெல்லம் போடச் சொன்னாரே, அவர்தான். நான் இருப்பது தரைக்குக் கீழே உள்ள அறை. மேலே அவர் என்ன செய்தாலும் சூடான காற்று வரும் தகரக் குழாய் வழியாக எனக்குக் கேட்கும். இங்கே நாலரை மணிக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. அந்த நேரத்துக்கு அவர் விளக்குக்கூடப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்து, தினமும் ஒரே இசைத்தட்டை வைப்பார். இந்துஸ்தானிப் பாடகர் உஸ்தாத் அமீர் கான் பாடிய மார்வா. வெளிச்சம் போய் இருட்டு வருகிற அந்த நேரத்து ராகமாம்.

முதல் வாரம் எனக்கு எரிச்சலாக வந்தது. தபலா தாளத்தின் ஒரு சுற்று முடிவதற்குள் நான் அரிசி களைந்து உலை வைத்துவிடுவேன், அவ்வளவு மெதுவு. பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். அது ஏற்கெனவே ஆரம்பித்து ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் தாத்தாவே கூப்பிட்டு விளக்கினார். மார்வாவில் பஞ்சமமே, அதாவது 'ப'வே, கிடையாது. தம்பூராவின் முதல் தந்தியைக்கூடப் 'ப'வுக்குப் பதில் 'நி'க்குச் சேர்ப்பார்கள். பாட்டு வீடு மாதிரி வந்து சேர வேண்டிய 'ச' உண்டு, ஆனால் பாடுகிறவர் அதைச் சீக்கிரம் தொடமாட்டார். ஒரு படி கீழே 'நி'யில் வந்து நிற்பார், அதைத் தாண்டி 'ரி'யில் போய் உட்கார்ந்துகொள்வார், 'த'வுக்கு இறங்கிவிடுவார். நம் ஊர் ரயில்வே கேட்டில் அந்தக் காலத்தில் மாட்டிக்கொள்வோமே, அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் நாம், கூட்ஸ் வண்டி முடியவே முடியாது, அப்படித்தான் இருந்தது எனக்கு. நீங்கள் சொல்லித்தந்த கொஞ்சநஞ்ச சுர ஞானத்தால் எனக்கு இது பிடிபட்டது. அதற்குப் பிறகு தப்பிக்க முடியவில்லை. தினமும் நாலரைக்கு அந்தக் குழாயடியில் நிற்கிறேன்.

போன வியாழன் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். நுரை கட்டியதும் இறக்க வேண்டும், கொதிக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். மேலே 'நி'யிலேயே நின்றுகொண்டிருந்த குரல், எத்தனை நேரத்துக்குப் பிறகோ, சாதாரணமாக 'ச'வில் வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்த்தபோது ரசம் பாதியாக வற்றியிருந்தது.

அன்று மாடிக்குப் போய், அந்தப் பாட்டின் வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "என் பிரியமானவர் வேறு தேசம் போய்விட்டார்" என்று அர்த்தமாம், கிட்டத்தட்ட அதுதான் மொத்தப் பாட்டும். எனக்காகப் பாடியது என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன். படுத்த பிறகுதான் உறைத்தது, அது போனவன் பாடுவது இல்லை. வீட்டில் இருக்கிறவர்கள் பாடுவது.

இன்னும் இரண்டு நாளில் மார்கழி. வாசலில் அம்மா குனிந்து புள்ளி வைக்க நீங்கள் டார்ச் அடித்துக்கொண்டு நிற்பீர்கள். இந்த வருஷமாவது அம்மாவை ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

முக்கியமானது இனிமேல்தான். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் நான் சென்னை என்று சொல்லிவிடுவது வழக்கம். தாத்தா விடவில்லை. சென்னையில் எங்கே, சென்னைக்கு வெளியே எங்கே என்று துருவினார். செங்கல்பட்டுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால், சிங்கப்பெருமாள்கோயில் என்றேன். கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

பெரிய இந்துஸ்தானிப் பாடகர் அப்துல் கரீம் கான் நம் ஸ்டேஷனில்தான் இறந்தாராம் அப்பா. 1937 அக்டோபர் 27. சென்னையில் பாடிவிட்டுப் பாண்டிச்சேரிக்கு ரயிலில் போகும்போது நெஞ்சு என்னவோ செய்ய, நம் ஊரில் இறங்கியிருக்கிறார். பிளாட்பாரத்தில் படுக்கையை விரித்து, தம்பூரா மீட்டச் சொல்லி, தொழுகை வரிகளைத் தர்பாரி ராகத்தில் பாடியபடியே அடங்கிவிட்டார் என்று அவர்கள் ஊரில் சொல்கிறார்கள். அடக்கம் மிரஜில். தாத்தாவின் குடும்பம் அங்கே சுரைக்குடுவையில் தம்பூரா செய்கிறவர்கள். சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்திருக்கிறார், ஊர்ப் பெயர் மட்டும் வாயில் நுழையாதாம். "சிங்கபெருமால், சிங்கபெருமால்" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தார்.

கரீம் கான் நம் கரகரப்பிரியாவையும் ரெக்கார்டில் பாடியிருக்கிறார், அதைச் செல்வி போனில் போடச் சொல்லிக் கேளுங்கள். அவருடைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டுத்தான் பாடகர் பீம்சேன் ஜோஷி பதினொரு வயதில் வீட்டை விட்டு ஓடினாராம், அப்படி ஒரு குரல். நீங்கள் 31 வருஷம் சீசன் டிக்கெட்டில் ஏறி இறங்கிய பிளாட்பாரம். யாராவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா?

சரி, வீட்டு விஷயம். பின்பக்கச் சுவருக்குப் பெரியப்பா பாதிப் பணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அளந்து கல் நடாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சர்வேயருக்கு மனு போட்டுவிட்டு, வில்லங்கச் சான்றிதழையும் வாங்கி வையுங்கள். பெரியம்மாவிடம் இதைப் பேச வேண்டாம், பெரியப்பாவிடம் நேராகச் சொல்லுங்கள். மோட்டாருக்குக் காயில் கட்டினால் போதும், புதிது வேண்டாம். செல்வியின் ஃபீஸ் மட்டும் இந்த மாதம் பத்து நாள் தள்ளி வரும், பேங்க்கில் ஏதோ தாமதம். அதற்காகச் சீட்டை எடுத்துவிடாதீர்கள்.

குமார் ஸ்டேஷன் பக்கம் போனால் பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மரம் இருந்தால் மரத்தோடு. தாத்தா தினமும் கேட்கிறார்.

உங்கள் அன்பு மகன்

பி.கு: பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது. அடுத்த மாதம் யாராவது வந்தால் கொடுத்தனுப்பவும், தாத்தாவுக்கும் சேர்த்து. காரம் குறைவாக.