ஈரானியர் முகத்துக்குக் கீழே பெயரைப் போடுங்கள்

உலகச் செய்திப் பக்கம் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு நாளிதழில் ஈரானின் பணமதிப்புச் சரிவு பற்றிய செய்தி. கூடவே வழக்கமான படம்: தெஹ்ரானில் பழைய அமெரிக்கத் தூதரகத்தின் சுவரோவியத்தைக் கடந்து, சாதர் எனும் முழுநீளக் கறுப்பு முக்காடு போர்த்திய ஒரு பெண் நடந்து போகிறார். அணு உலைச் செய்தி என்றாலும் இந்தச் சுவர்தான், தேர்தல் என்றாலும் இந்தச் சுவர்தான். அந்தப் பெண் யார், என்ன வேலை பார்க்கிறார் என்று ஒரு வரிகூட இருப்பதில்லை.

தெஹ்ரான் ஓவியர் கோஸ்ரோ ஹசன்சாதேயை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2004-இல் தன்னையும் தன் தாயையும் சகோதரிகளையும் பெரிய பெரிய உருவப்படங்களாக்கி, அந்தத் தொடருக்குப் ‘பயங்கரவாதி’ என்று பெயர் வைத்தார். முக்காடிட்ட அம்மா, அவரைச் சுற்றி அவருடைய நம்பிக்கையும் நினைவுகளும். கூடவே ஓர் அடையாளக் குறிப்பு: பெயர், நாடு, மதம். செப்டம்பர் 11-க்குப் பிறகு ஈரானியர் மேல் விழுந்த சொல்லை, பெற்றவள் மேலேயே எழுதி நம் முன் நிறுத்தினார். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் அம்மாவின் பெயரும் இருந்தது. நான் கேட்பது அவ்வளவுதான். பெயரைப் போடுங்கள்.

ஹசன்சாதே ஈராக்குடனான போருக்குத் தானாக முன்வந்து போனவர், பிழைப்புக்குப் பழம் விற்றவர். மஷ்ஹத் நகரில் 2000, 2001-இல் ஒருவன் 16 பெண்களைக் கொன்றான். விபசாரத்தை ஒழிப்பதாகச் சொல்லிக்கொண்டான். அதைப் பாராட்டவும் ஆள் இருந்தது. அந்தப் பெண்களின் முகங்களைத்தான் ஹசன்சாதே வரைந்தார்.

2023 ஜூலையில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அவர் உயிரைக் குடித்தது. நான் படித்த செய்திக்குறிப்பில் முக்கால்வாசி சாராயம்தான். வாழ்நாளெல்லாம் முகங்களை வரைந்தவருக்கு அவருடைய ஓர் ஓவியத்தைக்கூடப் போட மனம் வரவில்லையா? ஈரான் மட்டுமில்லை, ஆப்கானிஸ்தான், சூடான் என்றாலும் கூட்டம், புகை, முக்காடு. ஐரோப்பாவில் வெள்ளம் வந்தால் மட்டும் வீடு இழந்தவரின் பெயர், வயது, நாய்க்குட்டியின் பெயர் வரைக்கும் கிடைத்துவிடுகிறது.

சரி, கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது. மன்னியுங்கள். பெயரை வெளியிட்டால் அவருக்கு ஆபத்து என்றால் புரிந்துகொள்கிறேன். அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மற்ற நேரங்களில், அந்தச் சுவர்ப்படத்தை எடுப்பதற்கு முன், பெயரோடு ஒரு முகம் வேண்டும் என்று உங்களுக்குப் படம் தரும் செய்தி முகமைகளிடம் கேளுங்கள். நீங்கள் கேட்டால் அவர்கள் தருவார்கள். தயவுசெய்து கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர் ஒருவர்