நினைவுத்தூண் கட்டப்போகும் தம்பிக்கு

அன்பின் தம்பி,

நீ அனுப்பிய வரைபடம் கிடைத்தது. தூண் உயரமாக இருக்கிறது, தீபம் இருக்கிறது, முன்னால் திறப்பு விழாக் கல்லும் இருக்கிறது. யுத்தத்தில் போன நம் ஊர்ச் சனத்தின் பெயர்களுக்கு மட்டும் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பலகைதான் ஒதுக்கியிருக்கிறாய். அது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. பெயர்கள்தான் நினைவுச்சின்னம். தூண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

திருகோணமலையில் நிலாவெளி வீதியோரம், இரண்டாம் உலகப் போரில் செத்த படையினரைப் புதைத்த யுத்தச் சவக்காலையை பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பாய். ஒரு நாள் இறங்கி உள்ளே போய் நிதானமாகப் பார். அதிகாரியானாலும் சாதாரண மாலுமியானாலும் கல் ஒரே மாதிரித்தான். பதவி, பணம் பார்த்துக் கல்லில் வித்தியாசம் காட்டக்கூடாது என்று பிரித்தானியப் பேரரசின் போர்க் கல்லறை ஆணைக்குழுவுக்கு 1918இல் பிரெட்ரிக் கென்யன் எழுதிய அறிக்கைதான் அதற்கு அடிப்படை. அதை எல்லாரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பிள்ளையின் குழிக்குத் தாங்கள் விரும்பிய சிலுவையை வைக்கவிடுங்கள் என்று 8,000 பேருக்கு மேல் கையெழுத்து வைத்தார்கள். 1920 மே 4ஆம் திகதி பிரித்தானிய நாடாளுமன்றத்தில் பெரிய வாதமே நடந்தது. ஆணைக்குழு விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் இவ்வளவு சமத்துவம் பேசிய அதே ஆணைக்குழு, முதலாம் உலகப் போரில் செத்த ஆபிரிக்க, ஆசியச் சனங்களில் ஏராளமானோரின் பெயரைக் கல்லில் ஏற்றவே இல்லை. குறைந்தது 116,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை என்று 2021இல் அவர்களே ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். கல் நல்ல கல்தான், தம்பி. அநியாயம் பட்டியலில் நடந்தது.

அதனால் நம் பட்டியலில் கவனமாக இரு. யார் சுட்டது, யாருடைய செல் விழுந்தது என்று பார்த்துப் பெயர் சேர்க்காதே. கடலுக்குப் போய்த் திரும்பாதவர், இயக்கத்துக்குப் போன பிள்ளை, இயக்கம் கொண்டுபோன ஆள், அப்போது நம்மோடு குடியிருந்த முஸ்லிம் குடும்பம், எல்லாரும் வரவேண்டும். எழுத்தும் ஒரே அளவு. அகர வரிசையும் வேண்டாம். வெள்ளைக்காரருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது, அண்ணன் தம்பி பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுவார்கள். நமக்குத் தகப்பன் பெயர்தானே முன்னெழுத்து. அகர வரிசை போட்டால் ஒரே வீட்டுத் தாயும் பிள்ளையும் ஆளுக்கொரு மூலையில் கிடப்பார்கள். வீடு வீடாகப் போடு.

அப்புறம், காணாமல் ஆக்கப்பட்டவர்கள். இதுதான் கஷ்டமான இடம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட அன்றைக்கே, முதல் நாள் இரவு நம் துறைமுகத்தை விட்டுப் போன பிரித்தானியரின் ஹேர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தான். 307 பேர் செத்தார்கள். கடலோடு போனவர்களுக்குக் குழி இல்லை. இங்கிலாந்தில் துறைமுக நகரங்களில் இருக்கிற கடற்படை நினைவுச்சின்னங்களில்தான் அவர்களுடைய பெயர் இருக்கிறது. ஆனால் அவர்கள் செத்தது நிச்சயம். நம் ஊர்த் தாய்மார் அப்படியில்லை. பிள்ளை வருவான் என்று இன்றைக்கும் போட்டோவோடு வீதியில் நிற்கிறவளிடம் ‘இறந்தோர்’ என்ற தலைப்புக்குக் கீழே அவன் பெயரைக் காட்ட முடியுமா? அரசாங்கமே 2016இல் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று வேறொரு சான்றிதழ் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. அவர்களுக்குத் தனிக் கல் வை. தலைப்பு வேண்டாம். பெயரும் கடைசியாகக் கண்ட வருஷமும் போதும். அதற்கும் தாய் சம்மதிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதே, இடத்தை வெறுமையாக விடு. ஒரே பெரிய கல்லாக இல்லாமல் துண்டு துண்டாகக் கற்கள் பதித்தால் பிறகு சேர்க்கவும் எடுக்கவும் வசதி.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும். உப்புக் காத்துக்கு உள்ளே கம்பி துருப்பிடித்து கொங்கிரீட் வெடிக்கும், அதனால் தூணின் உயரத்தைக் குறைத்து கருங்கல்லுக்குப் போ. பெயின்ற் எழுத்து வேண்டாம், ஆழமாக வெட்டச் சொல். இருந்தபடியே கைவைத்துத் தடவக்கூடிய உயரத்தில் வை. வருகிறவர்கள் வயசானவர்கள்.

கல்லுக்கு அட்வான்ஸ் கொடுக்க முதல், பட்டியலைக் கையில் எழுதிக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போ. பெயரை அவர்களையே எழுதித் தரச் சொல், நீ திருத்தாதே. நான் லீவு போட்டு வருகிறேன், சேர்ந்து போவோம்.

அன்புடன்,
அண்ணன்